சுத்தியல் காணாமல் போன வழக்கு

ஜூன் 3, திங்கள்

முப்பத்தொரு வருடம் செஷன்ஸ் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தேன். நீதிபதிக்கு ஒரு படி கீழே உட்கார்ந்து, சாட்சிகளுக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைத்து, வழக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுத்து, வாய்தா தேதி குறித்து, நான்கு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றேன். இன்று மறுபடி வேலையில் சேர்ந்திருக்கிறேன். இடம், திருமழிசை தாண்டி ஒரு தகர ஷெட். பதவி, சட்ட ஆலோசகர்.

'சாட்சிக்கூண்டு' என்று ஒரு டி.வி. தொடர் ஒன்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் பாதி போலீஸ், இரண்டாம் பாதி கோர்ட். என் மனைவி கோமளா ஒரு நாள் விடாமல் பார்ப்பாள். நான் பார்ப்பதில்லை. அடுத்த அறையிலிருந்து அதிலுள்ள தப்புகளை மட்டும் உரக்கச் சொல்வேன். இப்போது அந்தத் தொடரில் வரும் நீதிபதி வஞ்சிக்கொடி என்ற பாத்திரத்தைத் தனியே பிரித்து, அவள் பெயரிலேயே ஒரு புதுத் தொடர் எடுக்கிறார்கள். கோமளா எனக்குத் தெரியாமல் சேனலுக்கு எழுதிப் போட்டு, 'என் கணவருக்குக் கோர்ட் நடைமுறை அத்துப்படி, சாயங்காலம் வரை ஆனாலும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்' என்று சிபாரிசு செய்திருக்கிறாள். என் அறிவு வீணாகிவிடக் கூடாது என்ற அக்கறை.

"கடைசில பேரெல்லாம் வேகமா ஓடுமே, அதுல உங்க பேரும் வரும்" என்றாள்.

டைரக்டர் எழிலன் முப்பத்தைந்து வயதுக்காரர். "சார், நீங்க சொல்லுங்க, நாங்க அப்படியே செஞ்சிடறோம்" என்றார். பதினொரு பக்கக் குறிப்பை அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

என் குறிப்பின் ஒன்பதாம் பக்கத்துப் பின்புறத்தில் மதியச் சாப்பாட்டுப் பட்டியல் எழுதியிருந்தது. சாம்பார் சாதம் 14, தயிர் சாதம் 9.

இன்று முதல் கோர்ட் காட்சி. நீதிபதி வஞ்சிக்கொடியாக நடிக்கும் சுபர்ணா அம்மாள் கையில் ஒரு மரச் சுத்தியலைக் கொடுத்து, பேச்சுக்குப் பேச்சு மேஜையில் ஓங்கி அடிக்கச் சொன்னார்கள். நான் எழிலனிடம் போனேன்.

"தம்பி, நம்ம ஊர் கோர்ட்ல எந்த ஜட்ஜும் சுத்தியலால அடிக்கிறதில்ல. முப்பத்தொரு வருஷத்துல நான் ஒரு சுத்தியலப் பார்த்தது, மேஜை கால் உடைஞ்சப்ப கார்ப்பென்டர் கையில."

"சார், சுத்தியல் இல்லன்னா அது கோர்ட்டுன்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கூண்டு இருக்கு. கறுப்பு கவுன் இருக்கு. கட்டுக் கட்டா காகிதம் இருக்கு."

"அதெல்லாம் ரேஷன் ஆபீஸ்லயும் இருக்கும் சார்."

"கூண்டுமா?"

"லைட் போயிடும் சார். ஷாட் போலாமா?"

நாலாபுறமும் தகரம் அடைத்த ஷெட்டுக்குள் வெளிச்சம் எங்கே போகும் என்று எனக்கு விளங்கவில்லை.

ஜூன் 5, புதன்

சுத்தியல் இருபத்தேழு முறை அடிக்கப்பட்டது. எண்ணினேன்.

ஜூன் 7, வெள்ளி

இன்று காலை சுத்தியலைக் காணோம் என்று செட்டில் ஒரே அமளி.

நாட்குறிப்பு என்பது ஓர் ஆவணம். எழுதியவருக்கு எதிராகவே அதைச் சான்றாகக் குறியிடலாம். நானே பல டைரிகளுக்கு எண் போட்டிருக்கிறேன். ஆகவே எனக்கு நேரடியாகத் தெரிந்ததை மட்டும் பதிவு செய்கிறேன். நேற்று மாலை ஐந்தரைக்கு நான் ஷெட்டை விட்டுக் கிளம்பினேன். என் பை வழக்கத்தைவிடச் சற்றுக் கனமாக இருந்தது. டிபன் கேரியராக இருக்கலாம்.

சுத்தியல் இல்லாததால் காட்சி கொஞ்சம் கௌரவமாக இருந்தது.

ஜூன் 8, சனி

காலையில் டீக்கு இஞ்சி தட்டும் சத்தம் கேட்டது. இடிகல் சத்தம் அல்ல. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததால் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

"கைக்கு அவ்வளவு அடக்கமா இருக்குங்க. யாரோ நல்லா கடைஞ்சிருக்காங்க" என்றாள் கோமளா அடுப்படியிலிருந்து.

எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. டீ நன்றாக இருந்தது.

ஜூன் 10, திங்கள்

இரண்டாவது சுத்தியல் வந்துவிட்டது. முதலாவதைவிடப் பெரியது.

சுபர்ணா அம்மாள் பாவம். பழைய தொடரில் ஒன்பது வருடமும் அவருக்கு மூன்றே வசனங்கள்தான். 'ஆர்டர், ஆர்டர்', 'அப்ஜெக்ஷன் ஓவர்ரூல்டு', 'தீர்ப்பை ஒத்திவைக்கிறேன்'. இப்போது திடீரென்று தினம் இரண்டு பக்க வசனம். சுத்தியலை ஓங்கி அடித்ததும் அடுத்த வரி மறந்துபோகிறது. மறுபடி முதலிலிருந்து. இருபது எபிசோடுக்குள் ஜனங்களுக்குப் பிடிக்காவிட்டால் சேனல் தொடரை நிறுத்திவிடுமாம். பழைய தொடரில் அவருடைய நாற்காலியில் ஏற்கெனவே வேறொரு அம்மாளை உட்கார வைத்துவிட்டார்கள். திரும்பிப் போக இடமில்லை.

மதியம் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், நிஜ ஜட்ஜுங்க கூட்டத்தை எப்படி அடக்குவாங்க?"

"பேனாவை மூடி வைப்பாங்கம்மா. அவ்வளவுதான். கோர்ட்டே அடங்கிடும்."

அவர் தன் பேனாவை எடுத்து மூடியைச் செருகி, மேஜைமேல் மெதுவாக வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"அட" என்றார் சுபர்ணா அம்மாள்.

ஜூன் 12, புதன்

இரண்டாவது சுத்தியலும் காணோம். மிகவும் வருந்தத்தக்கது. என் பையைப் பற்றி இன்று எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

ஜூன் 13, வியாழன்

விசாரணை தொடங்கிவிட்டது. விசாரணை அதிகாரி, நடிகர் ரத்தினகிரி. ஒன்பது வருடமாக 'சாட்சிக்கூண்டி'ல் இன்ஸ்பெக்டராக நடிப்பவர். புதுத் தொடரிலும் வருகிறார். "இதை என்கிட்ட விடுங்க" என்று எழிலனிடம் சொல்லிவிட்டு, காக்கி உடையோடேயே ஆள் ஆளாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

"முந்தாநேத்து சாயங்காலம் அஞ்சரை மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க, மிஸ்டர் ஏகாம்பரம்?"

கேட்டுவிட்டு இடதுபுறமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு சற்று நேரம் நின்றார். ஒவ்வொரு கேள்விக்கும் அப்படித்தான். பிறகுதான் புரிந்தது, பின்னணி இசைக்கு இடம் விடுகிறார்.

"வீட்டுக்குக் கிளம்பிட்டிருந்தேன்."

"பையைத் திறந்து காட்டுங்க."

"சர்ச் வாரன்ட் இருக்கா சார்?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஒன்பது வருஷத்துல ஒருத்தர்கூட என்னை இதைக் கேட்டதில்ல. எழில், இதை எனக்கு ஒரு சீனா எழுதுப்பா!" என்று ஓடினார். என் விசாரணை அத்துடன் முடிந்தது.

ஜூன் 14, வெள்ளி

மூன்றாவது சுத்தியல். இதைச் சங்கிலியால் மேஜைக் காலோடு பிணைத்துப் பூட்டும் போட்டுவிட்டார்கள். ஒரு நீதிபதி சங்கிலி போட்ட சுத்தியலைப் பிடித்துக்கொண்டு நீதி வழங்குவதைப் பார்க்க இந்த வயதுவரை உயிரோடு இருந்திருக்கிறேன்.

ஜூன் 17, திங்கள்

மூன்றாவதும் போய்விட்டது! பூட்டு திறந்து கிடந்தது. சங்கிலி மட்டும் தொங்கியது.

இதைத் தெளிவாகப் பதிவு செய்கிறேன். இது நான் அல்ல. சத்தியமாக நான் அல்ல. முந்தைய இரண்டைப் பற்றி நான் இப்படி எதுவும் எழுதவில்லை என்பதை இப்போதுதான் திருப்பிப் பார்த்துக் கவனிக்கிறேன்.

பிற்பகல், சுபர்ணா அம்மாள் தன் காட்சியை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகு, நிலைமை மோசமானது. பூட்டின் சாவி ஆர்ட் டிபார்ட்மென்ட் கன்னியப்பனிடம் இருந்தது. செட்டுக்கு வேண்டிய மேஜை, கூண்டு, கட்டு எல்லாம் செய்து கொடுப்பவர். ஐம்பத்தெட்டு வயது, இந்தத் தொழிலில் இருபத்தாறு வருடம். ஷூட்டிங் மேனேஜர் எல்லார் முன்னாலும் அவரைக் கூப்பிட்டு, "புதன்கிழமை காலைல கணக்கை முடிச்சுக்கிட்டுக் கிளம்பு. சேனலுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார்.

கன்னியப்பன் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் இன்னாத்துக்கு சார் எடுக்கப் போறேன்? மூணையும் கடைஞ்சதே நான்தான். வாகை மரம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாளு மெனக்கெட்டேன். என் கையால செஞ்சத நானே திருடிக்கினு போயி இன்னா செய்வேன்?"

கடைந்தது அவர் என்று எனக்குத் தெரியாது. கடையில் வாங்கியது என்று நினைத்துவிட்டேன்.

யார் எதை நினைத்துவிட்டார்கள் என்பது இங்கே பொருட்டல்ல.

சாப்பிடவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

இன்று சுபர்ணா அம்மாளுக்கு ஷூட்டிங் இல்லை. போலீஸ் ஸ்டேஷன் காட்சிகள் மட்டும். எனக்கும் வேலை இல்லை, ஆனாலும் போனேன். கன்னியப்பன் தன் உளிகளையும் ரம்பத்தையும் ஒவ்வொன்றாகத் துடைத்து ஒரு கோணிப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். "இன்னா சார்?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன்.

வீட்டில் மாலை டீயை வாங்கி அப்படியே கீழே வைத்தேன்.

"உடம்பு சரியில்லையா?"

"ஷெட்ல ஒருத்தருக்கு வேலை போகுது, கோமளா. செய்யாத தப்புக்கு."

 அவள் அடுப்படிக்குள் போனாள். தண்ணீர் ஓடும் சத்தம். வந்து என் பையை எடுத்து வாசல் கதவருகே வைத்தாள்.

"ரெண்டையும் வெச்சிட்டேன். பெரிசுல பிரச்சனை இல்ல, கதவு இடுக்குல முட்டுக் குடுத்திருந்தேன், அவ்வளவுதான். சின்னதுல இஞ்சி வாசனை இருக்கு, மூணு தடவ தேய்ச்சுக் கழுவிட்டேன், போக மாட்டேங்குது."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம் ஆகுதுங்க. நீங்க பேப்பரத் தலைகீழா புடிச்சுக்கிட்டுப் படிச்சா எனக்குத் தெரியாதா?"

ஜூன் 19, புதன்

உள்ளபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பதரைக்குப் போனேன். கன்னியப்பன் கோணிப்பையோடு ஷெட் வாசலில் பஸ் நேரம் பார்த்து நின்றிருந்தார். "அஞ்சு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். எழிலனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என் திட்டம். ஆனால் அவர் என்னைப் பார்த்ததும், "சார், நல்ல நேரத்துல வந்தீங்க. சாட்சியா நடிக்கிறவர் இன்னும் வரல. நீங்க கொஞ்சம் கூண்டுல நில்லுங்க, லைட் பார்க்கணும்" என்றார்.

நின்றேன்.

ஆயிரக்கணக்கானவர்களை அந்தக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன். 'சத்தமா சொல்லு', 'ஜட்ஜ் ஐயாவப் பார்த்துச் சொல்லு', 'கையக் கீழ போடு' என்று அதட்டியிருக்கிறேன். நான் ஏறி நின்றது இதுவே முதல் தடவை. வெறும் பிளைவுட்தான். ஆனாலும் அங்கிருந்து பார்த்தால் நீதிபதியின் மேஜை எவ்வளவு உயரம்!  பையைக் கீழே வைத்தேன், 'டொக்' என்று சத்தம் கேட்டது.

மேலே நாற்காலியில் சுபர்ணா அம்மாள் கவுனோடு உட்கார்ந்து வசனம் படித்துக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்து பழக்க தோஷத்தில் வந்தது.

"கனம் கோர்ட்டார் அவர்களே, நான் ஒண்ணு சொல்லணும்."

அவர் நிமிர்ந்தார். சிரிக்கவில்லை. "சொல்லுங்க" என்றார்.

"முதல் சுத்தியலும் ரெண்டாவது சுத்தியலும் இந்தப் பையில இருக்கு. எடுத்தது நான்தான். யாரும் தூண்டல. கன்னியப்பனுக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. அவர் வாசல்ல பஸ்ஸுக்கு நிக்கிறார். தயவுசெஞ்சு அவரை உள்ள கூப்பிடுங்க."

ஷெட்டில் இருந்த முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் குனிந்து, பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மூணாவது எங்க?"

"அது நான் இல்ல."

"ரெண்டை எடுத்தவர் மூணாவதை எடுக்க மாட்டீங்களா?"

சட்டப்படி அது வாதமே அல்ல. ஒன்றை ஒப்புக்கொண்டதால் இன்னொன்றையும் செய்ததாகக் கொள்ள முடியாது.  அதைச் சொல்வதற்குள் ஆளுக்கு ஆள் கத்தினார்கள். ரத்தினகிரி, "எனக்கு அப்பவே சந்தேகம்!" என்று சொல்லிவிட்டு இடதுபுறம் திரும்பி நின்றார். எழிலன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போது சுபர்ணா அம்மாள் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

ஷெட் அடங்கியது. நிஜமாகவே அடங்கியது.

அவர் நாற்காலியின் மெத்தையைத் தூக்கி, அடியிலிருந்து ஒரு சுத்தியலை எடுத்து, மற்ற இரண்டின் பக்கத்தில் வைத்தார்.

"மூணாவது நான்."

"மேடம், பூட்டு?" என்றார் மேனேஜர்.

"ஹேர்பின்."

ரத்தினகிரி பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஹேர்பின்னால் பூட்டுத் திறப்பதை அவர் கதையில் எத்தனையோ தடவை கண்டுபிடித்திருக்கிறார். ஒரு தடவைகூட நம்பியதில்லையாம்.

"ஒவ்வொரு அடிக்கும் ஒரு வரி மறந்துபோகுது, எழில். மணிக்கட்டு வீங்கிப்போச்சு. நாலு தடவ சொன்னேன், நீ கேக்கல. ரெண்டு போயிடுச்சு, மூணாவதும் போனா அதே ஆளுன்னு நினைச்சுப்பாங்கன்னு எடுத்தேன்." என்னைப் பார்த்தார். "எனக்கு அந்த ஆள் யாருன்னு முதல் நாளே தெரியும் சார். பையை நீங்க குழந்தையத் தூக்குற மாதிரி தூக்கிட்டுப் போனீங்க. கன்னியப்பண்ணன் மேல பழி விழுந்தது எனக்கு இன்னிக்குக் காலைலதான் தெரியும். ஷாட் முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க முந்திட்டீங்க."

கன்னியப்பன் வாசலிலிருந்து வந்து நின்றிருந்தார். யாரையும் பார்க்காமல் மேஜையருகே போய் மூன்றையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்னதை முகர்ந்தார்.

"இஞ்சியா?"

"ஆமா" என்றேன்.

மூன்றையும் கோணிப்பையில் போட்டுக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

"கேமரா ஓடிட்டிருந்துச்சா?" என்று எழிலன் கேட்டார். ஓடிக்கொண்டிருந்தது. போட்டுப் பார்த்தார், சுபர்ணா அம்மாள் பேனாவை மூடும் இடத்தை மூன்று தடவை. "சுத்தியலே வேணாம்யா. இது போதும்" என்றார். பிறகு என்னிடம், "சார், இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"ஏழாம் பக்கத்துல இருக்கு" என்றேன்.

ஜூன் 20, வியாழன்

மேனேஜர் கன்னியப்பனிடம் மன்னிப்புக் கேட்டார். வேலை போகவில்லை. நானும் கேட்கப் போனேன். அவர் இழைப்புளியைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் பேசி முடிக்கும்வரை நிறுத்தவில்லை. முடித்த பிறகும் நிறுத்தவில்லை.

என்னையும் அனுப்பவில்லை. ஆனால் பதவி மாறிவிட்டது. "கூண்டுல நின்னப்ப உங்க முகத்துல ஒரு பயம் இருந்துச்சு சார், காசு குடுத்தாலும் வராது" என்று சொல்லி, நீதிபதி வஞ்சிக்கொடிக்குக் கீழே உட்காரும் பெஞ்ச் கிளார்க்காக என்னையே நடிக்கச் சொல்லிவிட்டார் எழிலன். எனக்கு விருப்பமில்லை. நடைமுறை சரியாக இருக்க வேண்டுமே என்பதற்காக ஒப்புக்கொண்டேன்.

ஜூன் 21, வெள்ளி

தலைக்குச் சாயம் பூசினேன். எப்படியும் இந்த மாதம் பூச வேண்டியதுதான்.

ஜூன் 24, திங்கள்

என் முதல் காட்சி. மேஜையிலிருந்து வழக்குக் கட்டைத் தூக்கி, மூன்று படி ஏறி, நீதிபதி முன் வைக்க வேண்டும். கட்டைத் தூக்கினேன். தூக்க முடியவில்லை. சிவப்பு நாடா கட்டிய ஒரு சாதாரணக் கட்டு, ஆனால் உள்ளே ஆட்டுக்கல் இருப்பது போல. ஒன்பது டேக். ஒன்பது தடவையும் மூன்று படி.

மதியம் நாடாவை அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே ஐந்து பழைய டெலிபோன் டைரக்டரிகள்.

கன்னியப்பனிடம் போனேன். "ஏங்க, இது கொஞ்சம் கனமா இருக்கு."

ஐந்து நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "நீங்கதான சார் எழுதிக் குடுத்தீங்க? நாலாம் பக்கம். 'கட்டுகள் தெர்மாகோலில் செய்யப்படக் கூடாது. நிஜமான கனம் இருந்தால்தான் தூக்குபவர் முகத்தில் அது தெரியும்.'"

ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார். பதினொரு பக்கத்தையும் அந்த ஷெட்டில் படித்தவர் ஒருவர் இருந்திருக்கிறார். அவருடைய சுத்தியல்களைத்தான் நான் கொண்டுபோயிருக்கிறேன்.

திரும்பி வந்து நாடாவை மறுபடி கட்டினேன். பிற்பகலில் இன்னும் நான்கு டேக்.

ஜூன் 27, வியாழன்

ஆறு டைரக்டரிகள்.

ஜூலை 1, திங்கள்

'நீதிபதி வஞ்சிக்கொடி' இன்று மாலை முதல் ஒளிபரப்பு. கோமளா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். எதிர்த் தரப்பு வக்கீல் கோட்டில் ஒரு பொத்தான் இல்லாததைச் சொல்ல வாயெடுத்தேன்.

"ஷ்ஷ்" என்றாள். "நீங்க வர்றீங்க."

நான் கட்டோடு படியேறினேன். மூச்சு வாங்கியது, நெற்றியில் வியர்வை. நூறு வருட வழக்குகளின் பாரத்தைச் சுமப்பவன் போல் இருந்தேன்.

"என்னமா நடிக்கிறீங்க!" என்றாள் கோமளா.

 முதுகுக்குத் தைலம் தேய்த்துவிடச் சொன்னேன்.

ஜூலை 5, வெள்ளி

சேனலில் இருந்து எழிலனுக்குப் போன். இருபது எபிசோடு என்றது நூறு ஆகியிருக்கிறது. சுபர்ணா அம்மாள் கவுனோடேயே வெளியே போய் வெயிலில் கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது. எல்லாருக்கும் ஜிலேபி வந்தது. கன்னியப்பனுக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி ஓரமாக வைத்தார். சாப்பிட்டாரா தெரியாது.

நூறு எபிசோடு. ஆறு டைரக்டரி. பெருக்கிப் பார்க்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

இன்று தீர்ப்புக் காட்சி. மேஜைமேல் என் கட்டு தயாராக இருந்தது. என்றைக்கும் இல்லாத பருமன். ஏழாவது, எட்டாவது டைரக்டரியும் சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேள்வி கேட்க எனக்கு உரிமை இல்லை. வேட்டியை இறுக்கினேன். கால்களை அகட்டி ஊன்றி, மூச்சை இழுத்துப் பிடித்து, கட்டுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, எழிலன் "ஆக்ஷன்" என்றதும் என் பலம் முழுவதையும் திரட்டித் தூக்கினேன்.

கட்டு என் தலைக்கு மேலே பறந்தது. நாடா அவிழ்ந்து, நீதிபதி மேஜையைத் தாண்டி, ரத்தினகிரியின் தொப்பியைத் தட்டிவிட்டு, கூண்டுக்குள் போய் விழுந்தது. நான் பின்பக்கமாக நாற்காலியில் விழுந்தேன். வெள்ளை வெள்ளையாக ஷெட் முழுக்கத் தெர்மாகோல் பொடி.

"கட்!" என்று கத்தினார் எழிலன். யார் காதிலும் விழவில்லை. சுபர்ணா அம்மாள் மேஜைமேல் கவிழ்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

தலையிலிருந்த பொடியைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். கன்னியப்பன் தன் அறை வாசலில் கை கட்டி நின்றிருந்தார்.

"இன்னா சார்," என்றார், "டீ சாப்புடலாமா?"